85 பொதிகளும் 240 குடும்பங்களும்: எமது சபைகளின் ஆளுகை மன்றத்தினருக்கு ஒரு திறந்த மடல்

ஆளுகை மன்றத்தினருக்கு,

கடந்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஆசீர்வாத ஜெபத்துக்காகச் சபை எழுந்து நின்ற வேளையில், உங்கள் முத்திரையுடன் வந்த கடிதம் ஒன்று எங்கள் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டது. மொத்தம் ஒன்பது வரிகள். போதகரின் ஊழிய அறிக்கைகள் குறித்து எழுந்த கேள்விகள் ‘ஆவிக்குரிய விதமாக’ ஆராயப்பட்டு முடிவுக்குக் கொண்டுவரப்பட்டன என்றும், அடுத்த மாதம் முதல் அவர் மலையகத்திலுள்ள நமது கிளைச் சபைக்குப் பொறுப்பாகச் செல்வார் என்றும், தேவநாமம் தூஷிக்கப்படாதிருக்கும்படி விசுவாசிகள் எவரும் இதைப் பற்றி இனிப் பேசலாகாது என்றும் அதில் சொல்லியிருந்தீர்கள். கடைசி வரி என்னைப் பற்றியது. பொருளாளர் பொறுப்பிலிருந்து எனக்கு ‘ஓய்வு’ வழங்கப்பட்டிருந்தது. நான் ஓய்வு கேட்கவில்லை என்பதை மட்டும் பதிந்துவிட்டு அந்த விடயத்தை விடுகிறேன்; அந்தப் பதவி எனக்குத் திரும்ப வேண்டாம்.

பேசலாகாது என்ற கட்டளையை மீறித்தான் இதை எழுதுகிறேன். மீறுவதற்கு முன் மூன்று தடவை உங்களுக்கே எழுதினேன். முதற் கடிதத்தைக் கையிலே கொண்டுவந்து தந்தேன். இரண்டாவதை மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அது கிடைத்ததற்கான அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த பதில் ஒரு தொலைபேசி அழைப்பும், உங்கள் அலுவலகத்தில் இருபது நிமிடச் சந்திப்பும். “தம்பி, ஜெபத்தில் வையுங்கள்” என்றீர்கள். வைத்தேன். ஜெபித்த பிறகும் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருபத்தாறு வருடங்களாகக் கணக்கெழுதுகிறவன். எங்கள் முதலாளி கிறிஸ்தவர் அல்லர். மாலையில் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, அன்றைய காசை இரண்டு பேர் எண்ண வேண்டும், மூன்றாமவர் எழுத வேண்டும் என்பது அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து வரும் வழக்கம். சேர்ந்த புதிதில், நம்பிக்கையில்லாமலா இப்படிச் செய்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டுவிட்டேன். “நாளைக்கு உங்களச் சந்தேகப்படாம இருக்கத்தான் இன்னைக்கு ரெண்டு பேர் எண்ணுறது” என்றார். தேவனுக்கென்று கொடுக்கப்படும் பணத்துக்கு, ஆணியும் கம்பியும் விற்ற பணத்துக்குக் கிடைக்கும் மரியாதையாவது கிடைக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது தவறா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. எரிவாயு சிலிண்டரைத் தெருவோரத்தில் சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டுவந்த அந்த மாதங்களை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நமது சபையும் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டிலுள்ள விசுவாசிகள் அனுப்பிய பணத்தில் உலர் உணவுப் பொதிகள் கொடுத்தோம். அரிசி, பருப்பு, சீனி, கோதுமை மா, சோயா மீற், தேயிலை, ஒரு டின் மீன். ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, மின்சாரம் போய்விட்ட மண்டபத்தில் கைப்பேசி வெளிச்சத்தில் பொதி கட்டினோம். ஒவ்வொரு பொதிக்கும் இலக்கம் எழுதி ஒட்டியவன் நான். வாங்கியவர்களின் பெயரை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி, கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ பெற்றவனும் நானே. அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. கடைசி இலக்கம் 85.

வெளிநாட்டு ஆதரவாளர்களுக்குப் போகும் காலாண்டு ஜெபக் கடிதத்தில் 240 குடும்பங்கள் என்று எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலாண்டில் 31 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகவும் இருந்தது. பெற்றவர்கள் நான்கு பேர். அவர்களில் இருவர் வேறு சபையிலிருந்து நம்மிடம் வந்தவர்கள். போதகரிடம் கேட்டேன். குடும்பத்துக்கு மூன்று பேர் என்று வைத்தாலே 85 குடும்பத்துக்கு 240 பேருக்கு மேல் வருகிறதே, ‘பேர்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘குடும்பம்’ என்று விழுந்துவிட்டது, அடுத்த கடிதத்தில் திருத்திவிடலாம் என்றார். ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டபோது, கூட்டங்களில் தங்களை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தவர்களையும் சேர்த்துக்கொண்டதாகவும், அது விசுவாசத்தால் சொன்ன எண்ணிக்கை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த கடிதத்தில் 240 திருத்தப்படவில்லை. 310 ஆகியிருந்தது.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடிதங்களை மின்னஞ்சலில் அனுப்பிவைத்தவன் நான். 310 என்ற இலக்கத்தைக் கண்ட பிறகும் பதினான்கு மாதங்கள் வாயைத் திறக்கவில்லை. என் தாயார் இறந்தபோது, ஊரடங்கு வேளையில், மாதம்பிட்டி மயானம் வரை வந்து ஜெபித்து அடக்கம் செய்தவர் இந்தப் போதகர். கொரோனாக் காலத்தில் வயதானவர்களின் மருந்துச் சிட்டைகளைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் அலைந்தவரும் இவரே. அவரிடம் இரண்டாம் தடவை கேட்பது நன்றிகெட்ட செயலாக எனக்குத் தோன்றியது. நன்றிக்கடனை அடைக்க நான் பொய்யைத் தபாலில் சேர்த்துக்கொண்டிருந்தேன் என்பது பின்னர்தான் உறைத்தது. ஆகவே ஒரு நல்லவன் ஒரு கெட்டவரைப் பற்றி எழுதும் கடிதமாக இதை வாசிக்க வேண்டாம்.

பணத்தின் விடயம் இதைவிடச் சிக்கலானது. நமது சபையின் காணிக்கைக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. ஆனால் வெளிநாட்டுப் பணம் வரும் ‘ஊழிய நிதி’ வேறொரு கணக்கு. அதற்குப் போதகரின் கையொப்பம் ஒன்றே போதும். எனக்கு மாத முடிவில் ஒரு தாள் மட்டும் கிடைக்கும்: வந்தது இவ்வளவு டொலர், ரூபாவில் இவ்வளவு, செலவு இவ்வளவு. 2022 மே முதல் டிசம்பர் வரை அந்தத் தாள்களின்படி வந்தது 11,400 டொலர். ரூபாவில் அது 22 இலட்சத்து 80 ஆயிரம் என்று எழுதப்பட்டிருந்தது. அதாவது ஒரு டொலருக்கு 200 ரூபா. அந்த மே மாத நடுப்பகுதியிலிருந்து ஆண்டு முடிவு வரை வங்கிகளில் டொலர் 360 ரூபாவை ஒட்டியே இருந்தது என்பது பாண் வாங்கிய எல்லோருக்கும் தெரியும். 11,400 டொலருக்கு 41 இலட்ச ரூபா வந்திருக்க வேண்டும். இடையிலே 18 இலட்சத்துக்கு மேல் வித்தியாசம். வெளிநாட்டில் இருப்பவர் டொலரைப் பார்த்துத் திருப்தியடைந்தார். இங்கே இருப்பவர் ரூபாவைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க எவருக்கும் இடமிருக்கவில்லை.

அந்தப் பணத்தைப் போதகர் தமக்கென்று எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அது நல்ல காரியத்துக்கே செலவாகியிருக்கலாம். மழையில் ஒழுகிய கூரைக்கோ, எவருடைய சத்திரசிகிச்சைக்கோ போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. பொருளாளராக இருந்தவனுக்கே தெரியாமல் இருந்ததுதான் என் முறைப்பாடு. உங்களிடம் வங்கிக் கூற்றுகளைக் கேட்டபோது, “போதகரிடம் கேட்டோம், சரியாகத்தான் இருக்கிறது என்றார்” என்றீர்கள். எந்தக் கடையிலும் காசாளரைக் கேட்டுக் காசாளரைச் சோதிப்பதில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் ஒருவேளை இன்னும் மௌனமாகவே இருந்திருப்பேன். என் மௌனத்தைக் கலைத்தவர் ஓர் இடியப்பக்கார அக்கா.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். ஜெம்பட்டா வீதிக்குப் பின்னால், ‘தோட்டம்’ என்று நாம் சொல்லும் நெருக்கமான குடியிருப்பில் இருபது வருடங்களுக்கு மேலாக இடியப்பம் அவிக்கிறார். அதிகாலை இரண்டரைக்கு எழும்பினால்தான் ஆறு மணிக்குக் கடைகளுக்குக் கொடுத்து முடிக்கலாம். இப்போதைய போதகர் வருவதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றவர். 2022இல் பொதி கட்டிய அந்தச் சனிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்து, காசு வேண்டாம் என்று சொல்லி, மாலை வரை எங்களோடு பருப்பு அளந்து போட்டார். அவருக்கென்று ஒரு பொதியை எடுத்து வைத்தபோது, “எனக்குக் கை கால் இருக்கு தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுங்க” என்று திருப்பித் தந்தார். சீ.ஆர். கொப்பியில் அவருடைய பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அவருடைய மகன் கட்டாரில் வேலை செய்கிறான். போன வருடம் அவன் தங்கும் அறையில் ஒரு மலையாளி நண்பர், தமது சபைக்கு வந்ததென்று சொல்லி ஒரு ஜெபக் கடிதத்தைக் கைப்பேசியில் காட்டியிருக்கிறார். அதில் அவனுடைய அம்மாவின் படம் இருந்தது. பத்து வருடங்கள் ஆலயப் படிகளில் பிச்சையெடுத்துக் குடிக்கு அடிமையாகிக் கிடந்த பெண் என்றும், நமது ஊழியத்தால் மீட்கப்பட்டு, ஆதரவாளர்களின் உதவியால் இன்று சிறு தொழில் செய்கிறார் என்றும் கீழே எழுதியிருந்தது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் என்னைத் தேடிவந்தார். மகன் அனுப்பிய படத்தைத் திறந்து என் கையில் தந்துவிட்டு, சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. “நான் எப்ப தம்பி பிச்சை எடுத்தேன்? அவன் ராத்திரி எல்லாம் தூங்கல. நான் அனுப்புற காசு உங்களுக்குப் போதலியா அம்மான்னு கேக்குறான்” என்றார். நான் பதில் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரிந்த படம். பொதி கட்டி முடிந்த அந்த மாலையில், களைத்துப்போய் மண்டபப் படியில் அவர் உட்கார்ந்திருந்தபோது என் மகள் எடுத்தது. முழுப் படத்தில் அவருக்குப் பின்னால் பொதிகள் அடுக்கப்பட்டிருக்கும், இடது ஓரத்தில் என் முழங்கை தெரியும். கடிதத்தில் இரண்டும் வெட்டப்பட்டிருந்தன. கொடுக்க வந்து களைத்தவர், வாங்க வந்து களைத்தவராக மாறியிருந்தார்.

மன்றத்தினரே, உங்கள் ஒன்பது வரிகளில் இந்த அக்காவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘ஊழிய அறிக்கைகள் குறித்த கேள்விகள்’ என்பதற்குள் அவரையும் அடக்கிவிட்டீர்கள்.

அந்த இருபது நிமிடச் சந்திப்பில் நீங்கள் எனக்குச் சொன்ன வசனங்களுக்கு அன்று என்னால் உடனே மறுமொழி சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தேன். ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே’ என்ற 105ஆம் சங்கீதத்தின் வசனத்தை உங்களில் ஒருவர் சொன்னார். அந்த வசனத்துக்கு முந்திய வரிகள் ஆபிரகாம் முதலான பிதாக்கள் அந்நிய தேசங்களில் அலைந்த நாட்களைப் பற்றியவை. அவர்கள் நிமித்தம் ராஜாக்கள் கடிந்துகொள்ளப்பட்டதை அவை சொல்கின்றன. அந்தச் சம்பவம் ஆதியாகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆபிரகாம் தம் மனைவியைச் சகோதரி என்று சொல்லி வைத்திருந்தார். தேவன் அவரைக் காப்பாற்றினார், மெய்தான். ஆனால் அபிமெலேக்கு மறுநாள் காலையிலேயே ஆபிரகாமை அழைத்து, எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டான். ஆபிரகாமும் பதில் சொன்னார். அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கக்கூடாதென்று அந்த இடத்தில் எவரும் அபிமெலேக்கின் வாயை அடைக்கவில்லை.

மூப்பருக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கலாகாது என்று 1 தீமோத்தேயு 5:19ஐயும் சொன்னீர்கள். சரியான வசனம். சாட்சிகள் இருக்கிறார்கள்: பொதி கட்டியவர்கள் பதினொரு பேர், அந்த அக்கா, என் மகளின் படம், 85 பேரின் கையெழுத்து. அவர்களில் ஒருவரையும் நீங்கள் அழைக்கவில்லை. அடுத்த வசனம், பாவம் செய்தவர்களை எல்லோருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. அதை வாசிக்க நேரமிருக்கவில்லை போலும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது மூன்றாவது வசனம். ஆலயத்தைப் பழுதுபார்த்தவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை, ஏனென்றால் அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் இருப்பதைச் சொல்லி, “வேதமே கணக்குக் கேட்கவில்லை, நீங்கள் கேட்கிறீர்களே” என்றீர்கள். தொழிலால் கணக்கன் என்பதால் அந்த அதிகாரத்தை நான் ஒரு பேரேட்டை வாசிப்பதுபோல் மேலிருந்து கீழாக வாசித்தேன். யோவாஸ் ராஜா முதலில் ஆசாரியர்களை நம்பி, ஆலயத்துக்கு வரும் பணத்தை அவர்களே வாங்கி, அவர்களே பழுதுபார்க்கட்டும் என்று விட்டார். அவருடைய ஆட்சியின் 23ஆம் வருடம் வரையில் ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை. பணம் எங்கே போனது என்று அங்கே எழுதப்படவுமில்லை, ஆசாரியர்களைத் திருடர்கள் என்று எவரும் சொல்லவுமில்லை. ஆனால் ராஜா அன்றே முறையை மாற்றினார். ஆசாரியர் இனிப் பணத்தைக் கையில் வாங்கக் கூடாது. பெட்டியின் மூடியில் துவாரமிட்டு அதைப் பலிபீடத்தின் அருகே வைத்தார்கள். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் கணக்கரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து வந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். இரண்டு பேர், இரண்டு வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி கொடுத்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்ற வரி வருகிறது. புறக்கோட்டையில் என் முதலாளி செய்வது யோவாஸின் முறை. நமது ஊழிய நிதியில் நடப்பது அந்த 23 வருடங்களின் முறை.

தேவநாமம் தூஷிக்கப்படும் என்று எழுதியிருந்தீர்கள். ரோமர் 2:24இல் அந்தச் சொற்கள் வரும் இடத்தை எடுத்துப் பாருங்கள். களவு செய்யாதே என்று பிரசங்கித்துவிட்டுத் தானே களவு செய்கிறவனைப் பார்த்துப் பவுல் பேசும் இடம் அது. களவைக் கண்டு சொன்னவனைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை.

ஊழியத்தில் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது நமது போதகர் கண்டுபிடித்த பாவமல்ல. 1948இல் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாமும் அவருடைய மூன்று உடன் ஊழியரும் கலிபோர்னியாவின் மொடெஸ்ட்டோ நகரில் கூடி, நற்செய்தியாளர்களை விழத்தள்ளும் காரியங்கள் எவை என்று ஆராய்ந்தார்கள். பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைக் குறைகூறுவது ஆகியவற்றோடு நான்காவதாக அவர்கள் குறித்தது, கூட்டத்தின் தொகையையும் வெற்றியையும் பெருப்பித்துச் சொல்லும் பழக்கத்தை. அன்றே அதைக் கைவிட ஒருமித்துத் தீர்மானித்தார்கள். மறுபக்கத்தில், சென்னையில் பிறந்து உலகமெங்கும் பேசிய இரவி சகரியாஸ் இருக்கிறார். 2017இல் ஒரு பெண் முறையிட்டபோது அவருடைய நிறுவனம் அவரையே நம்பியது. 2020 மே மாதம் அவர் இறந்த பின், அதே நிறுவனம் நியமித்த சட்டத்தரணிகளின் அறிக்கை 2021 பெப்ரவரியில் வெளிவந்தது. அவருடைய பாலியல் துர்நடத்தையை அது உறுதிப்படுத்தியது. அந்தப் பெண்ணை நம்பாமல் போனதற்காக நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. நமது வாலிபர் கூட்டங்களில் அவருடைய பேச்சுகளைப் போட்டுக் காட்டியவர்களில் நானும் ஒருவன். நமது போதகரின் தவறு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆனால் முறையிட்டவரை விட்டுவிட்டு முறையிடப்பட்டவரிடமே விளக்கம் கேட்டுத் திருப்தியடைந்த அந்த மன்றத்துக்கும் உங்கள் மன்றத்துக்கும் இடையில் எனக்கு அதிக தூரம் தெரியவில்லை.

போதகர்மேல் மட்டும் பழிபோடுவதும் நியாயமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். ‘இந்தக் காலாண்டில் எத்தனை ஆத்துமாக்கள்?’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நான்கு என்று எழுதுகிற ஊழியருக்கு அடுத்த வருடம் உதவி வருமா என்று யோசித்துப் பாருங்கள். நான்கு பேரை ஒரு வருடம் முழுக்க வீடு வீடாகச் சந்தித்து, ஒருவனைக் குடியிலிருந்து மீட்க இரவு இரண்டு மணிக்கு ஓட்டோவில் போய் அவனைத் தூக்கிவந்த உழைப்புக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. சபையாரான எங்களுக்கும் பெரிய எண்ணிக்கைகள் இனித்தன. 31 என்று கேட்டபோது ‘அல்லேலூயா’ சொன்ன எவரும், ஞானஸ்நானத் தொட்டியில் நின்றவர்களை விரல்விட்டு எண்ணிப் பார்க்கவில்லை. இந்த அழுத்தத்தைக் குறைப்பது உங்கள் கையில் இருந்தது. நீங்களோ வருடாந்தக் கூட்டத்தில் எண்ணிக்கை அதிகமான சபைகளுக்குக் கேடயம் கொடுத்தீர்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயங்குகிறேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நமது சபையிலிருந்து கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் நடந்துபோகும் தூரம். 2019 ஏப்ரல் 21 காலையில் அங்கே தற்கொலைக் குண்டு வெடித்த சத்தம் எங்கள் ஈஸ்டர் ஆராதனைக்குள் கேட்டது. அன்றுமுதல், முன்கூட்டியே தகவல் கிடைத்தும் செயற்படாதவர்கள் யார், தெரிந்தும் சொல்லாதவர்கள் யார் என்று இந்த நாட்டுக் கிறிஸ்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஞாயிறு உங்கள் மன்றத்தின் தலைவர் நமது பீடத்தில் நின்று, உண்மையை அறியும் உரிமையைப் பற்றிப் பிரசங்கித்தார். நான் முன்வரிசையில் இருந்து ஆமென் சொன்னேன். அந்த உயிர்களோடு என் கொப்பியை ஒப்பிடுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்த அளவு புத்தி எனக்கு உண்டு. ஆயினும் அரசாங்கத்திடம் உண்மையைக் கேட்டு மெழுகுதிரி ஏற்றிய அதே கைகளால், சபைக்குள் பேசாதே என்று ஒரு கடிதத்தில் முத்திரை குத்த எப்படி முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

மலையகத்துக்கு அனுப்பும் தீர்மானத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். அங்குள்ள விசுவாசிகள் கொழுந்து பறிக்கிறவர்கள். நாட்கூலி 1,000 ரூபாவாக 2021இல் நிர்ணயிக்கப்படுவதற்கு எத்தனை வருடங்கள் அவர்கள் வீதிக்கு இறங்க வேண்டியிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கூலியிலிருந்து பத்திலொன்றை எடுத்து உறையில் போட்டு வருகிறவர்களிடம், வரும் போதகரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறீர்கள்? விசாரித்தேன். ‘கொழும்பில் பெரிய எழுப்புதலைக் கண்ட ஊழியர்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். கொழும்பில் கேள்வி கேட்கிறவர்கள் இருப்பதால், கேட்கமாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கிற இடத்துக்கு அவரை அனுப்புகிறீர்கள் என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன். இது அவருக்கும் நன்மையல்ல. தவறைச் சொல்லி இளைப்பாற வேண்டிய ஒருவருடைய கையில் இன்னொரு ஜெபக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

ஆகவே என் கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவதாக, எவரும் பேசலாகாது என்ற அந்தக் கடிதத்தை மீளப்பெற்று, அது வாசிக்கப்பட்ட அதே பீடத்திலிருந்து, அதே அளவு சத்தத்தில், மீளப்பெற்றதை அறிவியுங்கள். ஊழிய நிதியின் 2022 ஜனவரி முதலான வங்கிக் கூற்றுகள் யாவற்றையும், நமது சபைகள் எதிலும் அங்கத்துவமில்லாத ஒரு பட்டயக் கணக்காய்வாளரிடம் ஒப்படையுங்கள். நமது ஊழியம் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதக் கம்பனியாகப் பதியப்பட்டது. கணக்கு வைப்பதும் கணக்காய்வு செய்விப்பதும் சட்டம் ஏற்கெனவே நம்மிடம் கேட்கும் காரியங்கள். நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறிக்கை எதிர்வரும் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன் சபை அறிவித்தற் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். போதகர் குற்றமற்றவர் என்று அது காட்டுமானால், அதே பலகைக்கு முன் நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்பேன்.

கணக்காய்வு முடியும் வரை இடமாற்றத்தை நிறுத்திவையுங்கள். மலையகச் சபையின் மூப்பர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்தக் காலத்தில் போதகரின் குடும்பத்துக்குச் சம்பளம் நிறுத்தப்படக் கூடாது. பிள்ளைகள் படிக்கிறார்கள். 2022 முதல் ஜெபக் கடிதம் பெற்ற எல்லோருக்கும் ஒரு திருத்தக் கடிதம் போக வேண்டும்: பொதிகள் 85, ஞானஸ்நானம் 4, படத்திலுள்ள பெண்ணைப் பற்றி எழுதியது பொய். தாங்கள் தந்த பணத்தைப் பற்றிக் கேள்வியிருப்பவர்கள் யாரிடம் கேட்கலாம் என்றும் அதில் இருக்க வேண்டும். இனிமேல் ஊழிய நிதிக்கு, ஒருவருக்கொருவர் உறவினரல்லாத இருவரின் கையொப்பம் வேண்டும். எவருடைய படமும் சாட்சியும் வெளியே போகுமுன், அவருக்கு அது தமிழில் வாசித்துக் காட்டப்பட்டு அவருடைய கையெழுத்துப் பெறப்பட வேண்டும். வருடாந்தக் கேடயத்தை நிறுத்திவிடுங்கள்.

சீ.ஆர். கொப்பியையும் மாதாந்தத் தாள்களையும், நீங்கள் நியமிக்கும் கணக்காய்வாளரிடம் இரண்டு அங்கத்தவர் முன்னிலையில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்வேன். உங்கள் அலுவலகத்தில் விட்டுவரமாட்டேன்.

கடைசியாக, உங்களில் இருவர், போதகரையும் அழைத்துக்கொண்டு, அந்த அக்காவின் வீட்டுக்குப் போங்கள். அவரைச் சபை அலுவலகத்துக்கு வரச்சொல்ல வேண்டாம். திருத்தக் கடிதத்தை அவருக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள். கட்டாரிலுள்ள மகனை அவரே தொலைபேசியில் அழைத்துத் தருவார், அவனிடமும் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு முன் போக வேண்டாம். அவர் வியாபாரத்தில் இருப்பார்.

இப்படிக்கு,
சபையின் முன்னாள் பொருளாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.